இடையன்குடி துரையம்மாவும் ஆச்சியின் ரேந்தைத் தலையணையும்

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். திசையன்விளையில் ஒரு துக்க வீடு. விசாரித்துவிட்டுத் திரும்பும்போது, "பக்கத்துலதானே, ஒரு எட்டு இடையன்குடியைப் பாத்துட்டுப் போயிரலாம்" என்றாள் சித்தி. சின்ன வயசில் எத்தனையோ தடவை போன இடம்தான். ஆனால் கால்டுவெல் வீட்டை அரசு நினைவு இல்லமாக ஆக்கிய பிறகு (2011) நான் உள்ளே போனதில்லை.

உள்ளே இரண்டு கல்லூரிப் பையன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் போல. ஒப்பிலக்கணம், திராவிடம், சமஸ்கிருதம் என்று சூடாகப் பேச்சு. சித்தி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் சொன்னாள்:

"எய்யா, எல்லாரும் அந்தத் துரையத்தான் பேசுதாவ. துரையம்மா இல்லேன்னா உங்க ஆச்சி கையில காசுன்னு ஒண்ணப் பாத்திருப்பாளா?"

இந்தப் பதிவு அந்த ஒரு கேள்வியால் வந்தது. கால்டுவெல்லின் மொழியியல் பற்றி நம்ம ஆட்கள் ஆளுக்குப் பத்து பதிவு போட்டாச்சு. எனக்கு அதில் சேர்க்க ஒன்றுமில்லை. ராபர்ட், எலிசா என்று ரெண்டு பேர் ஏறக்குறைய நாற்பது வருஷம் அந்தத் தேரிக்காட்டில் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள், காலையில் எழுந்து என்ன செய்தார்கள் என்பதுதான் என் அக்கறை. கொசுவத்தி கொஞ்சம் சுத்தும், பொறுத்துக்கொள்ளவும் :-)

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், நெல்லைச் சீமையின் தென்கிழக்கு மூலையைப் பார்க்காதவர்களுக்காக. உவரி, கூடுதாழை, பெரியதாழை என்று கடலோரம் முழுக்கப் பரதவர் ஊர்கள். 1530களிலேயே போர்ச்சுகீசியர் காலத்தில் கத்தோலிக்கம் ஆனவை. கடலை விட்டுச் சில மைல் உள்ளே தள்ளினால் தேரி. செக்கச்செவேல் என்று மணல், கண்ணுக்கெட்டியவரை பனை. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காத்து வரும் பாருங்கள், சோற்றுப் பானைக்குள்ளும் மணல் இருக்கும். அந்தக் காற்றில் மணல்மேடே இடம் மாறும். ஆறு கிடையாது. மழை வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மனுஷன் பனையை நம்பித்தான் பிழைக்க வேண்டும். கடலோரத்தான் மீன் பிடித்தான், தேரிக்காரன் பனை ஏறினான். கருவாடு இங்கே வரும், கருப்பட்டி அங்கே போகும். அதுதான் அன்றைய பொருளாதாரம்.

இந்த இடத்துக்கு 1841 கடைசியில் ஒரு 27 வயசு இளைஞர் வந்து சேர்ந்தார். அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், கிளாஸ்கோவில் படித்தவர். 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கி மூன்று வருஷம் தமிழ் கற்றார். அப்போது திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்த ட்ரூ என்ற பாதிரியார்தான் வழிகாட்டி. பிறகு லண்டன் மிஷனை விட்டு எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் சங்கத்துக்கு மாறினார். சென்னையிலிருந்து நெல்லைக்குப் பல்லக்கில் வரவில்லை. தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு பெரும்பாலும் நடந்தே வந்தார். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியாரைச் சந்தித்ததாகக் குறிப்பு உண்டு. சனங்களைத் தெரிந்துகொள்ள நடப்பதுதான் வழி என்பது அவர் எண்ணம். வெள்ளைக்காரன் நடந்து வந்தால் அந்தக் காலத்துச் சனம் என்ன நினைத்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

இடையன்குடியில் அதற்கு முன்பே ஒரு சின்னக் கிறிஸ்தவக் கூட்டம் இருந்தது. இவர் வந்து முதலில் செய்த வேலைகளில் ஒன்று ஊரை அளந்து தெரு போட்டது. இன்றைக்கும் போய்ப் பாருங்கள், சுற்றுப்பட்டு ஊர்களில் தெரு வளைந்து நெளிந்து ஓடும். இடையன்குடியில் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். கிணறு தோண்ட வைத்தார், தென்னை வைக்கச் சொன்னார். ஊர்க்காரர்கள் இதைச் சந்தோஷமாக ஏற்றார்களா, முணுமுணுத்தார்களா? "உன் வீட்டை இடிச்சு நேரா கட்டு" என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் முணுமுணுப்பேன்.

ரெண்டு வருஷத்துக்கு மேல் தனிக்கட்டை. 1844 மார்ச்சில் நாகர்கோவிலில் கல்யாணம். பெண் எலிசா மால்ட்.

இங்கேதான் நம் ஆட்கள் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'மனைவி எலிசா, ஏழு குழந்தைகள்' என்று முடித்துவிடுவார்கள். எலிசா யார்? சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற லண்டன் மிஷன் தம்பதியின் மகள். பெற்றோர் 1819லேயே நாகர்கோவில் வந்துவிட்டார்கள். எலிசா பிறந்தது 1822ல், அந்த மண்ணில். அதாவது கால்டுவெல் 23 வயசுக்கு மேல் அகராதி வைத்துக்கொண்டு கற்ற தமிழ், இவருக்குத் தவழும்போதே காதில் விழுந்த தமிழ். தேரிக்காட்டுப் பொம்பளை ஒருத்தி "வயித்துக்குள்ள என்னமோ உருட்டுது" என்று வந்து நின்றால், அது என்ன வலி என்று துரையை விட துரையம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியிருக்கும். இது என் கணிப்புதான். ஆனால் அந்த வீட்டுக்குள் பேச்சுத் தமிழ் எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

எலிசா வளர்ந்த காலத்தையும் பார்க்க வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலகம் தொடங்கியது 1822ல், அவர் பிறந்த வருஷம். மறுபடி 1828ல் வெடித்தபோது அவருக்கு ஆறு வயசு. மேலாடை போட்ட பெண்களை நடுத்தெருவில் அடித்து உடையைக் கிழித்த காலம். பள்ளிக்கூடமும் கோயிலும் எரிந்தன. அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் மிஷன் வீட்டுக்குத்தானே ஓடி வந்திருப்பார்கள்? தாயார் மார்த்தா 1821 வாக்கில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ரேந்தை என்றால் லேஸ். போர்ச்சுகீசியச் சொல், எங்க ஆச்சி கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். அந்த ரேந்தை விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய அடிமைப் பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855ல்தான் என்பதை நினைவில் வையுங்கள். பெண் கையில் காசு வந்தால் என்ன நடக்கும் என்பதை எலிசா பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, வீட்டு வராந்தாவிலேயே பார்த்து வளர்ந்தவர்.

அந்தத் தலையணையைத்தான் இடையன்குடிக்குக் கொண்டு வந்தார்.

சரி, ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்?

தேரியில் நாளை நிர்ணயிப்பது சூரியனும் இல்லை, துரையும் இல்லை, பனைதான். பதனீர்க் காலத்தில் விடியுமுன்பே ஆண்கள் முருக்குத்தடியையும் அருவாப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு ஆள் நாற்பது ஐம்பது மரம், காலையும் மாலையும். மரத்துக்கு முப்பது அடி என்று குறைவாக வைத்தாலும், ரெண்டு வேளைக்கு என்ன கணக்கு வருகிறது என்று போட்டுப் பாருங்கள். பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்கினால், பெண்கள் விடிலியில் பதனீரைக் காய்ச்சுவார்கள். விடிலி என்றால் ஓலைக் குடிசை. உள்ளே புகையும் அனலும். பதம் தப்பினால் கருப்பட்டி சிரட்டையில் உறையாது, அன்றைய உழைப்பு போச்சு. பிள்ளைகளுக்கு விறகு பொறுக்கும் வேலை. இதில் பள்ளிக்கூடத்துக்கு வா, கோயிலுக்கு வா என்றால் எப்போது வருவது?

அதனால் மிஷன் வாழ்க்கை பனைக்குத் தகுந்தாற்போல் வளைய வேண்டியிருந்தது. இந்த மிஷன் ஊர்களில் எல்லாம் கோயில் மணி அடித்துத் தினசரி ஜெபம் கூடுவது வழக்கம். பெண்கள் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் தனியாக எடுத்துப் போடுவார்கள். அரிசி இல்லாத வீட்டில் கருப்பட்டி. எங்க வீட்டில் அந்தக் கைப்பிடி அரிசிப் பழக்கம் ஆச்சி காலம் வரைக்கும் இருந்தது. நான் அதிலிருந்து வறுகடலைக்காகத் திருடியது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

துரையின் நாள் பாதி வண்டியிலும் பாதி மேசையிலும் போனது. சுற்றியிருந்த சின்னச் சின்ன ஊர்களில் சபைகள், பள்ளிகள், உபதேசிமார். ஒவ்வொன்றுக்கும் போய் வர வேண்டும், வழக்குத் தீர்க்க வேண்டும். காலரா வந்தால் மருந்துப் பெட்டியைத் தூக்க வேண்டும். நாசரேத்தில் மிஷன் ஆஸ்பத்திரி வந்ததே 1870ல்தான். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் பாதிரியார் வீடுதான் ஆஸ்பத்திரி. ராத்திரியில் புத்தகம். 1856ல் லண்டனில் வெளியான ஒப்பிலக்கணத்துக்கு வேண்டிய சேகரம் எல்லாம் இந்த மணலுக்கு நடுவே நடந்ததுதான். உடம்பு வேறு அடிக்கடி படுத்தும். குற்றாலம், கொடைக்கானல் என்று ஓய்வுக்கு ஓட வேண்டியிருந்தது.

துரை வண்டியில் போனபிறகு ஊரில் இருந்தது யார்? பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியை நடத்தியது, ரேந்தை வேலையைப் பார்த்தது, ஏழு பிள்ளை பெற்று வளர்த்தது, வாசலில் வந்து நின்ற பஞ்சாயத்தைக் கேட்டது எல்லாம் எலிசா. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பு என்றால் அன்று எவன் அனுப்புவான்? விறகு பொறுக்க ஆள் குறையும். கல்யாணம் தள்ளிப்போகும். ஆனால் அந்தப் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் ரெண்டு காசு சம்பாதிக்கும் என்றால் அப்பன் கொஞ்சம் யோசிப்பான்.

ரேந்தை பின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டைத் தலையணை ஒன்று. அதன்மேல் ஓட்டை குத்திய மாதிரித் தாள். ஓட்டைக்கு ஓட்டை குண்டூசி. நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகள், வேலையைப் பொறுத்து இருபதும் இருக்கும், நூறும் இருக்கும். ரெண்டு கையாலும் அவற்றை மாற்றி மாற்றிப் போட, டிக் டிக் டிக்கென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்கப் பின்னினாலும் நீளம் விரல் அளவுதான் வளரும். அந்தத் துணுக்கு சீமையில் ஏதோ ஒரு துரைசானியின் கழுத்துப்பட்டியில் போய் உட்காரும். இதில் சுரண்டல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. என்ன பின்னுவது என்பதையும் என்ன விலை என்பதையும் பின்னியவள் முடிவு செய்யவில்லை. ஆனால் விடிலி அனலில் நின்றவளுக்கு நிழலில் உட்கார்ந்து ஒரு வேலை, அதற்குக் கையில் கூலி, கூடவே எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரிகிறது. எங்க ஆச்சியிடம் கேட்டிருந்தால் சுரண்டல் என்று சொல்லியிருக்க மாட்டாள். ரேந்தைக் காசில் வாங்கிய பாம்படத்தைக் கழற்றிக் காட்டியிருப்பாள்.

இனி எனக்குக் கசப்பான பகுதி. தாண்டிப் போக மனசு வரவில்லை.

1849ல் கால்டுவெல் 'தின்னவேலி சாணார்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எங்க சனங்களின் மதம், ஒழுக்கம், அறிவு பற்றி. நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குக் காது சிவந்துவிட்டது. அறிவு மந்தம், சிந்திக்கத் தெரியாதவர்கள் என்கிற ரீதியில் போகிறது. பூர்வீகமும் இங்கே இல்லை, இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்கிறார். அதே புத்தகத்தில் பனையேற்றின் கஷ்டத்தையும் அந்தச் சனத்தின் உழைப்பையும் கூர்மையாகப் பார்த்து எழுதியிருக்கிறார். அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்த ஆள், இதை எப்படி எழுதினார்?

சீமையில் இருப்பவர்கள் படித்துவிட்டு மிஷனுக்கு உதவட்டும் என்று எழுதியது. இங்கே எவன் ஆங்கிலம் படிக்கப்போகிறான் என்ற தைரியம். ஆனால் பள்ளிக்கூடம் வைத்ததும் இவர்கள்தானே? படித்த தலைமுறை வந்தது, புத்தகத்தைக் கையில் எடுத்தது, கேள்வி கேட்டது. நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857ல் மிஷனை விட்டுப் பிரிந்து, வெள்ளைக்காரப் பாதிரி இல்லாமல் இந்து கிறிஸ்தவ சபை என்று தனிச்சபையே தொடங்கினார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, அதன் உடனடிச் சண்டை நாசரேத் பாதிரியாரோடுதான். ஆனால் இந்தப் புத்தகத்துக்கு எதிராகச் சட்டாம்பிள்ளை கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு நாடார் சமூகமே மனு மேல் மனுவாகப் போட, புத்தகத்தை விலக்கிக்கொள்ள வேண்டி வந்தது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். அந்தப் புத்தகம் அச்சானபோது எலிசா அந்த வீட்டில் ஐந்து வருஷமாகக் குடியிருக்கிறார். 'சிந்திக்கத் தெரியாதவர்கள்' வீட்டுப் பெண்பிள்ளைகள் அவர் முன்னால் உட்கார்ந்து நூறு குச்சியை மனக்கணக்கில் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் பிரதியை அவர் படித்தாரா? ஒரு வார்த்தை சொன்னாரா? 'நினைவுகள்' என்று கால்டுவெல் எழுதிவைத்த புத்தகம் இருக்கிறது. அவர் இறந்தபின் மருமகன் வயாட் 1894ல் அச்சில் கொண்டுவந்தார். எலிசா தன் பங்குக்கு அப்படி ஒரு புத்தகம் விட்டுப் போயிருந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.

கோயில் கதையையும் சொல்லியாக வேண்டும். இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயம் 1847ல் தொடங்கி 1880 ஜூலை 6ல் பிரதிஷ்டை ஆனது. 33 வருஷம்! காசு வரும்போது கட்டுவது, தீர்ந்தால் நிறுத்துவது. கோத்திக் பாணி. உள்ளூர்க் கொத்தனார் அந்த மாதிரி வளைவையும் பூவேலையையும் கனவிலும் கண்டதில்லை. அதனால் துரையே களிமண்ணில் மாதிரி செய்து காட்டி, அதைப் பார்த்துச் செய்ய வைத்தாராம். தொடங்கியபோது எலிசாவுக்கு 25 வயசு, முடிந்தபோது 58. முதல் கல்லைப் பார்த்த கையாள் பையன் தாத்தாவாகியிருப்பான்.

அதற்குள் வேறு என்னென்னவோ நடந்துவிட்டது. 1877 மார்ச்சில் கல்கத்தாவில் கால்டுவெல்லை உதவிப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள், கூடவே பாளையங்கோட்டை சார்ஜெண்டையும். ஊருக்குத் திரும்பினால் தாது வருஷப் பஞ்சம். கஞ்சிக்கு வந்த கூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையிலும் சேர்ந்தார்கள். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற கிண்டல் இந்த மாதிரிக் காலத்தில் வந்ததுதான். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றியவர் பக்கம் அவன் போனதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. இதற்கு நடுவில் மனுஷர் கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்து, மார்க்கோ போலோ சொன்ன துறைமுகம் பழையகாயல்தான் என்று கட்டுரை எழுதினார். 1881ல் திருநெல்வேலிச் சரித்திரம் வெளியானது. அறுபதைத் தாண்டியும் சும்மா உட்காரத் தெரியாத ஆள்.

1883ல் தம்பதி தூத்துக்குடிக்குக் குடிபோனார்கள். சாயர்புரத்திலிருந்த கல்லூரி அங்கே மாறியதை ஒட்டி நடந்தது. அவருக்கு 69, அவருக்கு 61 (இந்த 'அவர்' குழப்பத்துக்கு மன்னிக்கவும், தமிழில் மரியாதை கொடுத்தால் இப்படித்தான்). தேரியில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு, வயசான காலத்தில் ஒரு துறைமுகப் பட்டினம். ரயில் 1876லேயே வந்துவிட்டது. கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல் எங்கோ தூரத்தில் நிற்கும், பஞ்சு மூட்டையைத் தோணியில் ஏற்றிப் போவார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கரையில் காத்துக் கிடப்பார்கள். அதில் தேரிக்காட்டு முகங்களும் இருந்திருக்கும். அந்த வயசிலும் பேராயர் வேலைக்கு ஓய்வில்லை. கண்டம் விட்டுக் கண்டம் போகவும் மனசில்லை.

1891 ஜனவரியில் பணி ஓய்வு. ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பல் ஏறுவதுதான் உலக வழக்கம். இவர்கள் கொடைக்கானல் போனார்கள். ஏழே மாதம், ஆகஸ்டு 28ல் கால்டுவெல் காலமானார். 77 வயசு. உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுவந்து, களிமண் மாதிரி செய்து கட்டிய அதே கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். எலிசா மேலும் எட்டு வருஷம் இருந்தார். 1899ல் அவர் போனபோது அவருக்கும் அங்கேயே இடம்.

1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தார்கள். 2010ல் தபால்தலை. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அவர் செய்த வேலைக்குத் தகும். எங்க சனத்தைப் பற்றி எழுதியதை மறக்கவும் மாட்டேன்.

கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அந்தப் பையன்கள் இப்போது கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, உள்ள துரையம்மா கல்லறையும் இருக்கு, பாத்தியளா?" என்று சித்தி கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் ஏறி ஆச்சியின் தலையணையைத் தேடினோம். உறை இற்றுப் போயிருந்தது. குச்சிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன, எண்ணிப் பார்த்தேன், முப்பத்தி நாலு. பாதியில் நின்ற ரேந்தை ஒன்று விரல் நீளத்துக்கு இன்னமும் குண்டூசியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "இத முடிக்கத் தெரிஞ்ச ஆளு இப்ப நம்ம வீட்ல யாரு இருக்கா?" என்றேன். சித்தி தலையணையை மடியில் வாங்கி, ரெண்டு குச்சியை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் நூல் அறுந்துவிட்டது.

"நூலு பழசு" என்றாள். "நாகர்கோவில் போனா புதுசு வாங்கிட்டு வா."